கான்வென்ட் என்றால் என்ன? ஒரு பள்ளிக் கதவின் கதை

வழக்கமான ஞாயிற்றுக்கிழமைப் பதிவுதான். இந்த முறை கொஞ்சம் நீளம். காபியோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் அண்ணன் வீட்டுப் பேத்திக்குக் காதுகுத்து. பந்தியில் என் பக்கத்து இலையில் அண்ணன் மருமகள். "அத்தை, பெரியவனுக்கு கான்வென்ட்ல சீட் கிடைச்சிடுச்சு" என்றாள். சந்தோஷம்தான். "எந்த கான்வென்ட்மா, சிஸ்டருங்க நடத்துறதா?" என்று கேட்டேன். "சிஸ்டரா? அதெல்லாம் இல்லத்தை, இங்கிலீஷ் மீடியம். அரிசி மண்டிக்காரர் ஸ்கூல்" என்றாள். எதிர் வரிசையில் இருந்த என் தங்கை மகன் சிரித்துக்கொண்டே, "கான்வென்ட்னா ஃபீஸ் கட்ட வசதி இருக்கிறவங்க படிக்கிற இடம் பெரியம்மா, அவ்வளவுதான் அர்த்தம்" என்றான்.

அவன் சொன்னதில் தப்பில்லை. நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு அப்படித்தான் அர்த்தம் ஆகிவிட்டது. ஆனால் அது எங்கிருந்து வந்தது, எத்தனை கை மாறியது என்று சொல்ல எனக்கு ஆசை. சொல்வதற்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

'கான்வென்ட்' என்பதற்கு லத்தீன் வேர். ஒன்றுகூடுதல் என்று பொருள். துறவறம் பூண்ட பெண்கள் சேர்ந்து வாழும் மடத்துக்கு அந்தப் பெயர் வந்தது. ஐரோப்பாவில் 400 ஆண்டுகளுக்கு முன்னால் அந்த மடங்களுக்கு உயரமான மதில் உண்டு. உள்ளே போன பெண் வெளியே வரக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். ஜெபிக்கலாம், தைக்கலாம், மதிலுக்குள் பெண் பிள்ளைகளை வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம். தெருவில் இறங்கி வேலை செய்யக் கூடாது.

இதை ஏற்காமல் ஒரு பெண் கிளம்பினார். மேரி வார்டு, இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் 1585இல் பிறந்தவர். 1609இல் சில தோழிகளோடு சேர்ந்து ஒரு பெண்கள் குழுவை ஆரம்பித்தார். இயேசு சபைத் துறவிகள் ஊர் ஊராகப் போய்ப் பள்ளி நடத்துகிறார்கள், பெண்கள் ஏன் அப்படி நடத்தக் கூடாது என்பது அவர் கேள்வி. மதில் வேண்டாம், பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்றார். ஐரோப்பாவின் பல நகரங்களில் பள்ளிகள் திறந்தார்.

பரிசு என்ன தெரியுமா? 1631இல் அவருடைய சபையையே போப்பாண்டவர் கலைத்துவிட்டார். மேரி வார்டை ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒரு மடத்தில் சிறை வைத்தார்கள். அங்கிருந்து அவர் தன் தோழிகளுக்கு ரகசியக் கடிதங்கள் அனுப்பினார். எதில் எழுதினார் என்று சொல்லுங்கள் பார்ப்போம். எலுமிச்சைச் சாற்றில்! பொட்டலம் மடித்த தாளில் எழுதி அனுப்புவார், அவர்கள் நெருப்பில் காட்டிப் படிப்பார்கள். நாலாம் வகுப்பில் எலுமிச்சைச் சாற்றில் உங்கள் பெயரை எழுதி விளக்கில் காட்டிப் பழுப்பு எழுத்தாக வரவழைத்தேனே, நினைவிருக்கிறதா? அன்றைக்கு இந்தக் கதை எனக்குத் தெரியாமல் போயிற்று. தெரிந்திருந்தால் சேர்த்துச் சொல்லியிருப்பேன்.

அவர் 1645இல் இறந்தார். சபை கலைக்கப்பட்டாலும் தோழிகளில் சிலர் விடவில்லை. யார்க் நகரில் அவர்கள் வழிவந்தவர்கள் நடத்திய பள்ளியில் அயர்லாந்துப் பெண் ஒருவர் படித்தார். அவர் தெரசா பால். பின்னால் துறவறம் ஏற்று, டப்ளின் பக்கத்தில் ராத்ஃபார்னம் என்ற இடத்தில் ஒரு மடத்தைத் தொடங்கினார். இத்தாலியில் உள்ள மாதா திருத்தலத்தின் பெயரை அதற்கு வைத்தார்: லொரேட்டோ.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கல்கத்தாவில் பெண்கள் பள்ளி நடத்த ஆள் வேண்டும் என்று கேட்டு வந்தபோது தெரசா பால் முதலில் முடியாது என்றார், பிறகு ஒப்புக்கொண்டார். 1841 ஆகஸ்டில் 12 பெண்கள் கப்பல் ஏறினார்கள். தலைமை டெல்ஃபின் ஹார்ட் என்ற இளம் துறவி. சூயஸ் கால்வாய் வெட்டாத காலம். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு நாலு மாதம் கடலில் கிடந்து, டிசம்பர் 30 அன்று கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். அடுத்த ஜனவரியிலேயே பள்ளி ஆரம்பம். அதே 1842 ஜனவரியில் நம் சென்னையிலும் அயர்லாந்திலிருந்து பிரசன்டேஷன் சபைச் சகோதரிகள் வந்து இறங்கினார்கள். நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் சர்ச் பார்க் பள்ளி அந்தச் சபையார் 1909இல் தொடங்கியது. நம் நாட்டில் 'கான்வென்ட்' என்ற சொல் பரவியது இப்படிப்பட்ட பள்ளிகளால்தான்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தங்கை மகன் கிண்டலில் உண்மை இருக்கிறது. வெள்ளைக்கார அதிகாரிகள் வீட்டுப் பெண்களும், நம் ஊர்ப் பெரிய இடத்துப் பெண்களும் படித்த பள்ளிகள்தான் கான்வென்டுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவை. அதே சகோதரிகள் அநாதைப் பிள்ளைகளையும் வைத்துப் பார்த்தார்கள், ஏழைகளுக்கு இலவசப் பள்ளியும் நடத்தினார்கள். ஆனால் இது தனி, அது தனி. கட்டணப் பள்ளிக்குப் போகிற பிள்ளையும் இலவசப் பள்ளிக்குப் போகிற பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரவில்லை. மேரி வார்டு வேண்டாம் என்று சொன்ன மதில், பள்ளிக்கூடத்துக்குள் வேறு உருவத்தில் வந்துவிட்டது.

அந்த மதிலை இரண்டு லொரேட்டோ ஆசிரியைகள் இரண்டு விதமாகத் தாண்டினார்கள்.

முதலாமவரை உங்களுக்குத் தெரியும், அன்னை தெரசா. 1929இல் லொரேட்டோ சபைப் பெண்ணாகத்தான் இந்தியா வந்தார். கல்கத்தா எண்டாலியில் சபைக்குப் பெரிய வளாகம் உண்டு. அதற்குள் இருந்த செயின்ட் மேரிஸ் என்ற வங்காள மொழிப் பள்ளியில் புவியியலும் வரலாறும் நடத்தினார். 1944இல் தலைமையாசிரியை ஆனார். வளாகத்தின் மதிலுக்கு அந்தப் பக்கம் மோதிஜில் என்ற சேரி. 1948இல் சபையின் அனுமதியோடு, கன்னியர் உடையைக் கழற்றி வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வெளியேறினார். மோதிஜிலில் அவருடைய முதல் வேலை என்ன தெரியுமா? ஆஸ்பத்திரி இல்லை, பள்ளிக்கூடம். கரும்பலகை இல்லாததால் தரையில் குச்சியால் எழுதிக் காட்டினார். நம்மைப் போல ஒரு டீச்சர்!

அவர் கதவைத் திறந்து வெளியே போனார். இன்னொருவர் அதே கதவைத் திறந்து வெளியே இருந்தவர்களை உள்ளே கூப்பிட்டார். அவர் பெயர் சிஸ்டர் சிரில் மூனி. நம் ஊரில் அவரைப் பற்றி அதிகம் பேர் கேள்விப்படவில்லை என்பதால்தான் இந்தப் பதிவே.

சிரில் 1936இல் அயர்லாந்தில் பிறந்தவர். 20 வயதில், 1956இல், இந்தியா வந்தவர். இங்கேயே படித்து விலங்கியலில் முனைவர் பட்டம் வாங்கினார். 1979இல் கல்கத்தா சியால்டாவில் உள்ள லொரேட்டோ பகல் பள்ளிக்கு முதல்வராகப் போனார். 1857இல் தொடங்கிய பள்ளி அது.

சியால்டா என்றால் நம் எழும்பூர், சென்ட்ரல் இரண்டையும் சேர்த்தாலும் போதாது, அவ்வளவு கூட்டமான ரயில் நிலையம். தேசப் பிரிவினையின்போது கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள் அந்த நடைமேடைகளிலேயே மாதக்கணக்கில் குடித்தனம் நடத்தினார்கள். பிறகும் கிராமத்தில் பிழைப்பு இல்லாதவர்கள் வந்து இறங்கும் இடம் அதுதான். நடைபாதையில் அடுப்பு, நடைபாதையில் தூக்கம், நடைபாதையிலேயே பிரசவம். பணி ஓய்வுக்குப் பிறகு டார்ஜிலிங் சுற்றுலா போனபோது அந்த நிலையத்தில் ரயிலுக்காகக் காத்திருந்தேன். தண்ணீர் பாட்டில் பொறுக்கிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு நம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வயசுதான் இருக்கும்.

அந்த நிலையத்துக்குப் பக்கத்தில்தான் பள்ளி. சிரில் பொறுப்பேற்றபோது 790 மாணவிகள். அதில் கட்டணமில்லாமல் படித்த ஏழைப் பிள்ளைகள் 90 பேர். அந்த எண்ணிக்கையை அவர் வருஷா வருஷம் கூட்டிக்கொண்டே போனார். 1990களில் மாணவிகள் சுமார் 1400 ஆனபோது அதில் ஏறக்குறைய பாதிப் பேர் கட்டணம் இல்லாமல் படித்தார்கள். தனிக் கட்டடத்தில் இல்லை, அதே வகுப்பில், அதே சீருடையில், அதே பெஞ்சில். கட்டுகிறவர்கள் கட்டும் பணத்திலும் நன்கொடையிலும் பள்ளி நடந்தது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவம் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் படித்தார்கள். 'தரம் குறைந்துவிடாதா' என்று முகம் சுளித்த பெற்றோரும் இருந்தார்கள். முதல்வர் அசரவில்லை.

சரி, பள்ளியில் சேர்ந்து காலை மணிக்கு வர முடிகிற ஏழைப் பிள்ளைக்கு வழி கிடைத்தது. தெருவிலேயே வாழ்கிற பிள்ளை என்ன செய்யும்? அதற்குப் பிறந்த சான்றிதழ் கிடையாது, வயசு தெரியாது. இன்றைக்கு வரும், நாளைக்குத் தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்றுவிடும். இன்றைய பாடத்தின் மேல் நாளைய பாடத்தை அடுக்குகிற நம் வகுப்பறை அந்தப் பிள்ளைக்குப் பொருந்தாது. ஒரு வாரம் விட்டு வந்தால் எதுவும் புரியாது. புரியாத இடத்துக்குப் பிள்ளை ஏன் வரும்? ஆசிரியராக இருந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகத் தெரியும்.

1985இல் சிரில் இதற்கு ஒரு வழி கண்டார். வானவில் திட்டம் என்று பெயர். தெருப் பெண் பிள்ளைகள் எந்த நேரத்திலும் பள்ளிக்குள் வரலாம். வந்தால் சொல்லிக்கொடுக்க ஆள் தயாராக இருக்கும். அந்த ஆள் யார்? பள்ளியின் மாணவிகளே. ஐந்தாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்கு வேலைக் கல்வி என்று ஒரு பாடவேளை உண்டு. நம் பள்ளிகளில் அந்த வேளையில் காகிதப் பூ செய்வோம், இல்லாவிட்டால் கணக்கு டீச்சர் கடன் வாங்கிக்கொள்வார். சியால்டாவில் அந்த வேளையில் ஒரு மாணவி ஒரு தெருப் பிள்ளையோடு உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பாள். ஒருத்திக்கு ஒருத்தி. போன தடவை எங்கே விட்டதோ அங்கிருந்து தொடங்கினால் போதும். ஒரு வாரம் கழித்து வந்தாலும் அந்தப் பிள்ளைக்கு நஷ்டமில்லை.

இதில் எனக்குப் பிடித்தது கணக்குதான். புதிதாக ஒரு ஆசிரியரையும் போடவில்லை. கால அட்டவணையில் ஏற்கெனவே இருந்த ஒரு பாடவேளை, ஏற்கெனவே இருந்த பெரிய பிள்ளைகள், ஏற்கெனவே இருந்த கட்டடம். இவற்றை வேறு மாதிரி அடுக்கியதுதான் வேலை. சொல்லிக்கொடுத்த மாணவிக்கும் லாபம். கூட்டல் தெரியாத பிள்ளைக்குக் கூட்டல் புரியவைத்துப் பாருங்கள், நமக்கே அப்போதுதான் கூட்டல் முழுசாகப் புரியும்.

பெண் பிள்ளைகளுக்கு இரவில் தெரு எவ்வளவு ஆபத்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிறகு அவர்கள் இரவிலும் பள்ளியிலேயே தங்க ஏற்பாடானது. படிப்பில் வயசுக்கேற்ற நிலைக்கு வந்தவர்களை முறையான வகுப்பில் சேர்த்தார்கள், அதே பள்ளியிலோ பக்கத்து வங்காள மொழிப் பள்ளிகளிலோ. லொரேட்டோவின் மற்றப் பள்ளிகளும் பின்னால் இதைத் தொடங்கின.

பள்ளி அத்தோடு நிற்கவில்லை. வாரத்தில் ஒரு நாள் சுமார் 150 மாணவிகள் பேருந்தில் கிராமப் பள்ளிகளுக்குப் போய் அங்குள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வீடுகளில் வேலைக்கு வைக்கப்பட்ட சிறுமிகளைத் தேடிப் போய்ப் பேசினார்கள். வீட்டு வேலைக்குக் குழந்தைகளை வைப்பதை அரசு தடை செய்தது 2006 அக்டோபரில்தான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். கல்கத்தாவின் வெளிப்புறத்தில் செங்கல் சூளைகளிலும் பள்ளி நடத்தினார்கள்.

ஆசிரியர் பயிற்சி முடித்தவள் என்ற முறையில் என்னை யோசிக்க வைத்தது இன்னொன்று. கிராமங்களிலும் சேரிகளிலும் ஓரளவு படித்துவிட்டு வீட்டில் இருந்த இளைஞர்களைக் கூப்பிட்டுக் குறுகிய காலப் பயிற்சி கொடுத்து, அவர்கள் ஊரிலேயே ஆசிரியராக்கினார் சிரில். வெறுங்கால் ஆசிரியர்கள் என்று பெயர். புளியங்கொட்டை, குச்சி, பழைய அட்டை மாதிரிக் காசில்லாத பொருள்களை வைத்தே பாடம். ஆயிரக்கணக்கானவர்கள் அப்படி உருவானார்கள். நானும் இரண்டு வருஷம் பயிற்சிப் பள்ளியில் படித்தேன். உளவியல் படித்தேன், பாடத் திட்டம் எழுதினேன். கதவுக்கு வெளியே நிற்கிற பிள்ளையை என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானும் கேட்கவில்லை.

சிரிலுக்கு 2007இல் பத்மஸ்ரீ விருது கொடுத்தார்கள். நானும் அப்போது பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். 2023 ஜூனில், தான் வேலை செய்த கல்கத்தாவிலேயே அவர் காலமானார்.

இனி என் கதை.

1994. நான் தலைமையாசிரியையாகப் பொறுப்பேற்று இரண்டாவது வருஷம். ஊரைச் சொல்லவில்லை, உங்களில் சிலருக்குத் தெரியும். ஏரிக்கு அந்தப் பக்கம் இரண்டு சூளைகள். பொங்கல் முடிந்ததும் வெளி மாவட்டத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். முன்பணம் வாங்கியிருப்பார்கள். ஆடியில் மழை பிடிக்கும் வரை கல் அறுத்து அதைக் கழிப்பார்கள். பிள்ளைகளும் கூடவே. ஈரக் கல்லைத் திருப்பிப் போடுவது சின்னக் கைகளின் வேலை.

மாசி மாதம், ஒரு காலை. இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு அம்மா வந்தார். பக்கத்தில் எட்டு வயசுப் பெண். கையெல்லாம் காய்ந்த களிமண். "ஊர்ல ரெண்டாவது படிச்சுதும்மா. இங்க சும்மா கிடக்குது. சோறுகூட வேணாம், உட்கார வெச்சா போதும்" என்றார். நான் டி.சி. இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. வருஷ நடுவில் டி.சி. இல்லாமல் சேர்க்க விதி இல்லை, ஆய்வுக்கு அதிகாரி வந்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்றேன். அந்த அம்மா வாதாடவில்லை. "சரிம்மா" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதற்கப்புறம் மூன்று நாலு நாள் அந்தப் பெண் மட்டும் வந்து வேப்பமரத்தடியில் நின்று, ஜன்னல் வழியாக இரண்டாம் வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்ப்பாடு சொல்லும்போது அவள் உதடும் அசையும். நானும் பார்த்தேன். பிறகு வரவில்லை. நான் அவள் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

விதிப்படிதான் செய்தேன். பதிவேட்டில் பெயர் எழுத முடியாது, சரி. பெஞ்சில் உட்கார வைக்க எந்த விதி தடுத்தது? ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை அவள் பக்கத்தில் உட்காரச் சொல்லியிருந்தால் போதும். சியால்டாவில் அதே காரியம் அப்போதே ஒன்பது வருஷமாக நடந்துகொண்டிருந்தது. பத்மஸ்ரீ செய்தியைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, வீட்டில்கூட.

இப்போது காலம் மாறியிருக்கிறது. 2009இல் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வந்து, 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. டி.சி. இல்லை என்றோ, வயசுச் சான்று இல்லை என்றோ பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. வருஷ நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும். வயசுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தனியார் பள்ளிகள் 25 சதவீத இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பு சொன்னது. கட்டாயம் இல்லாத ஒரு பள்ளி, சட்டம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே 50 சதவீதம் கொடுத்திருக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஆனால் சட்டம் வந்தும் சூளைப் பிள்ளைகள் சூளையில்தான் இருக்கிறார்கள். இப்போது வருகிறவர்களில் ஒடிசாக்காரர்கள் நிறைய. மொழியும் ஒரு மதில் ஆகிவிட்டது.

அதனால் மூன்று வேண்டுகோள். என் மாணவர்களில் இப்போது ஆசிரியர்களாக, தலைமையாசிரியர்களாக இருக்கிற செல்வங்களே: ஜன்னலுக்கு வெளியே ஒரு பிள்ளை நின்றால், முதலில் பெயரைக் கேளுங்கள். காகிதம் பிறகு வரட்டும்.

சூளை வைத்திருக்கும் நம் மாணவர்கள் இரண்டு பேர் இந்தப் பதிவைப் படிப்பீர்கள். பெயர் சொல்ல மாட்டேன். சின்ன வயசில் உங்கள் காதைத் திருகிய உரிமையில் கேட்கிறேன். ஒரு தகரக் கொட்டகையும் ஒரு கரும்பலகையும் போட்டுக் கொடுங்கள். காலை இரண்டு மணி நேரம் பிள்ளைகளைக் கல் திருப்ப விடாதீர்கள். நானும் ஓய்வுபெற்ற இன்னும் இரண்டு டீச்சர்களும் வருகிறோம். ஒடியா எனக்குத் தெரியாது. புளியங்கொட்டையை எண்ண மொழி வேண்டாம். மற்றதை அந்தப் பிள்ளைகளிடமே கற்றுக்கொள்வேன்.

மூன்றாவது, கான்வென்டில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் உறவுகளுக்கு. சனிக்கிழமை ஒரு மணி நேரம் உங்கள் பிள்ளையை என்னோடு அனுப்புங்கள். அண்ணன் மருமகளிடம் பேசிவிட்டேன், பெரியவனை அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது நாற்பதை நெருங்கியிருக்கும். எங்கே இருக்கிறாளோ, நன்றாக இருக்கட்டும்.

பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. வருகிறேன் என்பவர்கள் எனக்கு ஒரு போன் செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்